மாத்திரைக்குத் தோல் உரித்தவர்

ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு நெசவாளரும் அவர் மனைவியும். வயிற்று எரிச்சலுக்காக டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

"இடுப்பு வலி மாத்திரைய நான் சும்மா முழுங்கல. சுடுதண்ணில ஊறவெச்சு, மேல்தோலை எடுத்துட்டுதான் முழுங்கினேன்" என்றார் அவர், பெருமையாக.

அந்த அம்மா திரும்பினார். "உடைக்காம முழுங்குன்னு மருந்துக்கடைக்காரர் படிச்சுப் படிச்சு சொன்னாரே."

"உடைக்கலியே. பட்டு நூலை வேகவெச்சு பசை எடுத்தாதானே சாயம் ஏறுது. தோலோட போனா மருந்து எப்படி இடுப்புல ஏறும்?"

"மருந்து வயித்துல கரைஞ்சு புண்ணாக்காம, குடலுக்குப் போய் கரையறதுக்குத்தான் அந்தத் தோலு. அதையும் சொன்னாரு. நீ பஸ் வருதான்னு பார்த்துகினு இருந்தே."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஒரு வாரமா உப்பில்லாம, காரமில்லாம ஆக்கிப் போட்டேன். அப்பவும் இன்னைக்கு டாக்டரம்மா கேட்டதுக்கு, இவ குழம்புதான் காரம்னு என்னைக் கை காட்டினியே. அவங்க என்னைத் திட்டறப்போ வாயத் தொறந்தியா?"

"சரி விடு. இனிமே தோலோட முழுங்கறேன்."

"முழுங்குவே. எழுந்திரு, அடுத்த ஸ்டாப்புல இறங்கித் திரும்பிப் போறோம். குழம்பா மாத்திரையா, எது வயித்த எரிச்சுதுன்னு டாக்டரம்மாகிட்ட நீயே சொல்லு. நூலுக்கு வயிறு கிடையாதுய்யா. உனக்கு இருக்குது."