துய்லியோவின் பெயர் ஒட்டிய பாட்டில்கள்

வெளியூர்க்காரர்கள் ஒயின் வாங்க வந்தால் முதலில் என் தொப்பையைத்தான் பார்ப்பார்கள். கடைக்காரன் தொப்பை பெரிதாக இருந்தால் சரக்கு சுத்தமாக இருக்கும் என்று அவர்களுக்கு ஏதோ ஒரு நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன் என்று நானும் மூன்று வேளையும் நன்றாகவே சாப்பிட்டு வந்தேன். இதையெல்லாம் எழுத வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. எழுதினாலும் பரவாயில்லை.

கடை என்னுடையது. கடைக்குக் கீழே இருக்கும் நிலவறை என் மனைவி நெல்டாவின் பிறந்த வீட்டுச் சொத்து. அதில் அவள் அண்ணன் துய்லியோ, பார்பேரா என்ற திராட்சையில் ஒயின் போடுவான். அவன் கீழே செய்வான், நான் மேலே விற்பேன். செய்வது சொற்பம். ஆனால் கோடை வந்தால் ஜெர்மன்காரர்களும் டென்மார்க்காரர்களும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். பெரிய கம்பெனிச் சரக்கு அவர்களுக்கு வேண்டாம். இந்த ஊர்க்காரன் கையால் செய்தது வேண்டும். தீர்ந்துபோச்சு என்று எப்படி வெறுங்கையோடு அனுப்புவது? தெற்கிலிருந்து லாரியில் வரும் ஒயினை வாங்கி, பாட்டிலில் அடைத்து, துய்லியோவின் பெயரை ஒட்டிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். அந்த முகங்களைப் பார்த்திருந்தால் நீங்களும் ஒட்டியிருப்பீர்கள்.

இந்த அறுவடைச் சமயத்தில் ஒரு டென்மார்க் தம்பதி காப்பிக் கடையில் துய்லியோவைக் கண்டுபிடித்து, பாட்டிலில் கையெழுத்துக் கேட்டு, அவனுக்கும் ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நேராகக் கடைக்கு வந்தான்.

“ஏன் மாப்ளே, என் பேர ஒட்டி எவன் வீட்டுக் கழுநீர விக்கிற?”

“கத்தாத மச்சான், ஆள் இருக்காங்க.”

“இருக்கட்டுமே. பாவம், அந்தம்மா கையெழுத்து கேட்டுச்சு. நான் என்னத்தப் போட? லாரி நம்பரையா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும்தான். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னான்: “ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சு எல்லாரும் வெளிய வருவாங்கல்ல, அப்ப நீயே சொல்லிடு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். தங்கச்சி புருஷன்னு பாக்க மாட்டேன்.”

சின்ன ஊர், ஐயா. சொன்ன மறுநாள் கடையை மூட வேண்டியதுதான். நான் நெல்டாவைத்தான் நினைத்தேன். பூசைக்கு முன்வரிசையில் உட்காருகிறவள். இதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கடற்கரை ஊர்க்காரர் என்பதால் சொல்கிறேன். திராட்சைச் சாறு புளித்துப் பொங்கும் நாட்களில் நிலவறையில் கெட்ட காற்று அடியில் தேங்கும். மணம் கிடையாது, ஆளைச் சாய்த்துவிடும். அதனால் முதலில் இறங்குகிறவன் எரியும் மெழுகுவர்த்தியை முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு இறங்குவான். அணைந்தால் ஏறிவிடுவான். அவன் வந்து “எரியுது” என்று சொல்லிவிட்டால் அடுத்தவன் கையை வீசிக்கொண்டு போவான். அந்த ஒரு வார்த்தையை இங்கே யாரும் சந்தேகப்படுவதில்லை.

சனிக்கிழமை காலை முதலில் இறங்கியது நான். திரும்பி வந்தபோது துய்லியோ படி வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன மாப்ளே, எரியுதா?”

“நல்லா எரியுது மச்சான்.”

“நாளைக்கும் இப்படியே வாயத் தொறந்து சொல்லிடு, என்ன?” என்று என் தோளில் தட்டிவிட்டு இறங்கினான்.

கடைக்காரன் வாய் அது, ஐயா. யார் எதைக் கேட்டாலும் நல்லா இருக்கு என்று சொல்லியே பழகியது. திரும்பக் கூப்பிடலாம் என்று நினைத்தேன், நினைத்தது உண்மை. அதற்குள் ஒரு இளம் ஜோடி கடைக்குள் வந்துவிட்டது. இதைச் செய்தவரைப் பார்க்க முடியுமா என்றார்கள். கீழே வேலையாக இருக்கிறார் என்றேன். பாட்டில்களைத் தாளில் சுற்றி, வழியில் உடையாமல் இருக்க வைக்கோல் வைத்துக் கட்டினேன். கீழே ஒரு வாளி உருண்டது. வைக்கோல் இன்னும் கொஞ்சம் வைத்தேன்.

அவசரக்காரன், மெழுகுவர்த்தி இல்லாமல் இறங்கிவிட்டான் என்று ஊரே பேசியது. நெல்டா மட்டும், “அன்னிக்கு நீங்கதானே மொதல்ல எறங்குனீங்க?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தட்டில் சோளக்கூழை வைத்துக்கொண்டே கேட்டாள். அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது. நான்காவது படியில் சுடர் குனிந்தது, அணைந்தது. இருட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். அணைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் எரிகிறது என்றேன்.

ஆனால் என்னை மோசமானவன் என்று நினைத்துவிடாதீர்கள். அடக்கம் முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் நான் ஊற்றியது அவன் கையால் செய்த ஒயின். எனக்கென்று எடுத்து வைத்திருந்தது, ஒரு பாட்டில் விடாமல் திறந்துவிட்டேன். அவன் சாவிலுமா அவனை ஏமாற்றுவது?