மச்சான் நிற்கும் இடம்

— இன்னும் ரெண்டு முழம் கயிறு வுடு மாப்ள. பைய... பைய. ஆங், போதும். நிறுத்து.

— நிறுத்திட்டேன் மாமா. கேக்குதா?

— கேக்காம இன்னா? நீ கத்துற கத்துக்கு ஜமுனாமரத்தூர் சந்தையில கீறவன்லாம் திரும்பிப் பாப்பான். மெதுவாப் பேசு. தேனீங்க தூங்குது.

— இவ்ளோ புகை போட்டப்புறம் எங்க தூங்குது?

— மயங்கிக் கெடக்குது. ரெண்டும் ஒண்ணுதான். மரத்துல ரெண்டு சுத்து அப்படியே கீதா, பாத்துக்க.

— இருக்கு.

— நுனி?

— என்கிட்ட தான்.

— முடிச்சு கிடிச்சு போட்டுறாத. முடிச்சு போட்டா என்ன எறக்கவும் முடியாது, ஏத்தவும் முடியாது. காயப்போட்ட வேட்டியாட்டம் பாறையில ஆடினு கெடப்பேன்.

— போடல மாமா. அடை பெருசா?

— முறம் கணக்கா கீது. யாரோ கறுப்புக் கம்பளி போத்திக்கினு மூச்சு வுடுற மாதிரி, மொத்த அடையும் ஏறி எறங்குது. இந்தப் பாறைக்கு வந்து பன்னெண்டு வருசம் ஆச்சு. காலுக்குக் கீழ மேகம் போவுது மாப்ள. ஒரு நாளு நீ எறங்கிப் பாக்கணும்.

— எங்கம்மா வுடாது.

— அக்கா... வுடாது தான்.

— நீங்க அக்காங்கறீங்க. எங்கம்மா ஒரு நாளு கூட உங்களத் தம்பின்னு சொல்லி நான் கேட்டதில்ல.

— அத வுடு. அரை முழம் எறக்கு. ஆங். காலேஜுல இன்னா படிக்கப் போற?

— பி.எஸ்சி. தாவரவியல்.

— அப்படின்னா?

— மரம், செடி, கொடி.

— அத இங்கயே படிச்சுக்கலாமே. எதுக்குடா வேலூருக்குப் போய்க்கினு?

— மாமா, ஒண்ணு கேக்கட்டுமா?

— தேனெடுக்கறப்ப கேள்வி கேக்கக் கூடாது.

— அப்படி ஒரு வழக்கம் இருக்குதா?

— இப்ப நான் வெச்சது.

— போன சந்தையில டீக்கடையாண்ட வந்து, 'மாமா, மலைத்தேன் எடுக்கப் போலாம், நான் கயிறு புடிக்கிறேன்'னு சொன்னேன். நான் உங்ககிட்ட பேசினதே அதான் மொத தடவ. கையில இருந்த டீயக் கூட நீங்க குடிக்கல. சரின்னுட்டீங்க. ஏன்?

— கூப்புட ஒரு ஆளு வந்தான், சரின்னேன். எனக்குக் கயிறு புடிக்க இந்த மலையில எவன் வந்தான்?

— மச்சான் தான புடிக்கணும்?

— ஆமா. பொண்டாட்டியோட கூடப்பொறந்தவன் தான் மேல நிக்கணும். அக்கா தங்கச்சி தாலிய எவனும் தன் கையால அறுக்க மாட்டான்னு பெரியவங்க வெச்சது. எனக்கு எவன் பொண்ணு குடுத்தான்? பொண்டாட்டி இல்லன்னா மச்சான் இல்ல. மச்சான் இல்லன்னா தேனு இல்ல.

— எங்கப்பாவுக்கு மச்சான் இருந்தாரு. இதே பாறை தான. இதே மரம் தான.

— மாப்ள, கயிறு ஆடுது.

— இறுக்கிப் புடிச்சுக்கிறேன் மாமா. எங்கப்பாவுக்கு இங்க நின்னு கயிறு புடிச்சது யாரு?

— ஊருக்கே தெரியும். நான் தான்.

— வுட்டது?

— நான் தான்.

— ஊரு சொல்றத நான் சின்னதுல இருந்தே கேக்குறேன். ஹாஸ்டல்ல பசங்க, 'டேய் வெற்றிவேலு, உங்கப்பன உங்க மாமன் தான'ன்னு ஆரம்பிச்சுப் பாதியில நிறுத்துவானுங்க. மீதிய நானே ராவெல்லாம் சொல்லிப் பாத்துக்குவேன். உங்க வாயால கேக்கணும்னு தான் இங்க கூட்டியாந்தேன். திங்கக்கெழம காலேஜுக்குக் கெளம்பறேன். கேக்காமப் போக முடியாது.

— தெரியும்.

— இன்னா தெரியும்?

— விடிய வந்து கயித்த எடுத்துத் தோள்ல மாட்டினியே, அப்பவே தெரியும். தேனுக்குப் போறவன் மூஞ்சியில ஒரு ஆச இருக்கும். உன் மூஞ்சியில அது இல்ல.

— தெரிஞ்சுமா எறங்கினீங்க?

— உங்கப்பன் சின்னாண்டிக்குப் புள்ள நீ. கேக்க உனக்கு உரிம கீது. நான் கீழ தொங்க, நீ மேல நின்னு கேக்கறது தான் ஞாயம்.

— அப்ப சொல்லுங்க. கை வழுக்குச்சா? வேணும்னு வுட்டீங்களா?

— ரெண்டும் ஒண்ணுதான் மாப்ள. ஆளு போய்ட்டான்.

— ஒண்ணு இல்ல! எல்லாத்துக்கும் ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லாதீங்க. வழுக்குச்சுன்னா, இப்பவே உங்கள மேல இழுத்து, எங்க வூட்டுக்குக் கூட்டினு போயி, எங்கம்மா கையால களி துன்ன வெப்பேன். அவ மூஞ்சத் திருப்பிக்கினாலும் வுட மாட்டேன். ஆனா வேணும்னு வுட்டிருந்தீங்கன்னா...

— வுட்டிருந்தா?

— கயிறு என்கிட்ட இருக்கு மாமா.

— ...வழுக்கிச்சுடா. தூறல் போட்டுச்சு, கயிறு ஈரம். வழுக்கிச்சு. இழு மேல, போலாம். தேனு கூட வேணாம்.

— அப்பா கத்துனாரா?

— இல்ல. மல்லாக்கப் போனான். வானத்தப் பாத்துக்கினே போனான். இன்னாடா இது, இவ்ளோ தானாங்கற மாதிரி ஒரு மூஞ்சி. அத என்னால...

— இருங்க. ஓரமா வந்து பாக்குறேன்.

— டேய்! ஓரத்துக்குப் போகாத! பின்னால போ! மரத்த ஒட்டி நில்லுடா வெற்றி!

— கயித்த புடிச்சிக்கினு தான் வந்தேன். ஏன் இப்படி அலர்றீங்க? தொங்கறது நீங்க.

— போய்ட்டியா? பின்னால போய்ட்டியா, சொல்லு!

— போய்ட்டேன், போய்ட்டேன். மாமா, உங்க தலமயிரு கூட இங்க இருந்து தெரியல. பாறை வயித்தத் தள்ளிக்கினு நிக்குது. மரத்தாண்ட நின்னு கயிறு புடிச்சவன், எங்கப்பா மூஞ்சிய எப்படிப் பாத்திருப்பான்?

— கயிறு போனதும் ஓடியாந்து பாத்தேன்.

— நீங்க ஓடியாற வரைக்கும் எங்கப்பா அந்தரத்துல காத்துனு இருந்தாரா? நீங்க சொன்னது கண்ணால பாத்தது இல்ல. யாரோ பாத்து, உங்ககிட்ட சொன்னது.

— நோண்டாத மாப்ள.

— இன்னொண்ணும் கேளுங்க. பொங்கலானா, தீபாவளியானா, எங்கம்மா ஒரு எலையில சோறு போட்டு வேலிக்கல்லு மேல வெக்கும். நாயிக்கு வெக்கிறான்னு நெனச்சுனு இருந்தேன். போன பொங்கலுக்கு ஒளிஞ்சு நின்னு பாத்தேன். நீங்க வந்து எடுத்துனு போனீங்க.

— பாத்துட்டியா?

— பாத்தேன். புருசனக் கொன்னவனுக்கு எந்தப் பொம்பள வடை சுட்டு வெப்பா?

— உங்கம்மா சுடுற வடையத் துன்னிருக்கியா? அது பாவம் பாத்து வெச்சதில்ல, பழி தீக்க வெச்சது.

— சிரிக்க வெக்காதீங்க மாமா. எனக்குச் சிரிப்பு வரல.

— எனக்கும் வரல.

— நீங்க அன்னிக்கி இங்க இல்ல.

— இருந்தேன்.

— பொய். கயிறு புடிச்சது யாரு?

— வெற்றி, வேணாம்.

— யாரு மாமா?

— சரி, கேட்டுக்க. வேணும்னே தான் வுட்டேன். ரெண்டு வூட்டுக்கும் பொதுவுல ஒரு புளியமரம் நிக்குதே, அதுக்காக. அவன் போனா மரம் எனக்குன்னு வுட்டேன். போதுமா? நீ கேட்டது கெடச்சுதில்ல? இனிமே ஒரு கேள்வி கேக்காத. இன்னா பண்ணணுமோ பண்ணு.

— அந்த மரத்துல இதுவர ஒரு புளி கூட நீங்க உலுக்கல.

— மனசு வரல. வுட்டது வுட்டது தான்.

— சத்தியமா?

— சத்தியமா.

— ஒரு சுத்து அவுக்குறேன் மாமா.

— அவுத்துடு.

— அவுத்துட்டேன். இன்னும் ஒரு சுத்து தான் இருக்கு.

— தெரியுது. கயிறு சொல்லுது. பயப்படாத மாப்ள. நான் கத்த மாட்டேன். நீ திரும்பிப் பாக்காம வூட்டுக்குப் போய்டு.

— வெற்றி! டேய், வெற்றி! எங்கடா கீற?

— கிட்ட வராதம்மா!

— எஞ்சாமி, அந்த மரத்தாண்ட இன்னா பண்ற? பக்கத்துக் கொல்லை கல்பனா வந்து சொல்றா, 'மங்கம்மா, உன் மவனும் உன் தம்பியும் கயித்தோட பாறைக்குப் போறாங்க'ன்னு. சாமைக் கொல்லையில களையெடுத்துனு இருந்தவ, போட்டது போட்டபடி ஓடியாறேன். அவுத்த சுத்தப் போடு. போடு சாமி.

— அவரே ஒத்துக்கிட்டாரும்மா. வேணும்னு தான் வுட்டாராம். புளியமரத்துக்காக.

— கோபாலு! அடேய் கோபாலு! இன்னாடா சொல்லி வெச்ச எம்புள்ளகிட்ட?

— அக்கா?

— நான் தான்டா.

— பன்னெண்டு வருசம் கழிச்சு எம்பேரச் சொல்றியேக்கா.

— பேசாதன்னு சொன்னவனே நீ தானடா பாவி!

— இன்னாம்மா சொல்ற? இவரா சொன்னாரு?

— வாசல்ல பொணத்தப் போட்டுனு ஊரே அழுவுது. எங்காதாண்ட வந்து சொல்றான், 'அக்கா, இனிமே நாம பேசக் கூடாது, பேசினா ஒருத்தனும் நம்ப மாட்டான், நாளைக்கு உம்புள்ள வளந்து கேப்பான்'னு. ஊர்க் கூட்டத்துல அவனே போயி நின்னான். நான் தான் வுட்டேன்னான். கோயிலுக்கு வராதன்னாங்க, சரின்னான். பொண்ணு குடுக்க மாட்டோம்னாங்க, சரின்னான். ஒரே மலையில கீற தம்பி, எதுருல வந்தா நான் முந்தானையால வாயப் பொத்திக்கினு போறேன்.

— அக்கா, வூட்டுக்குப் போ. பையன்கிட்ட நான் பேசிட்டேன். முடிஞ்சிடுச்சு.

— எதுடா முடிஞ்சிடுச்சு? நீ சாவறதா? சாமி, நான் சொல்றேன் கேளு. இவன் அன்னிக்கி மலையிலயே இல்ல. செங்கத்துல புளி மூட்டையப் போட்டுட்டு பஸ்ஸுக்கு நின்னுனு இருந்தான். பஸ்ஸு வரல. இங்க மழ கருத்துக்கினு வருது. ஒரு மழ அடிச்சா அடையெல்லாம் கரைஞ்சு போய்டும். உங்கப்பாவுக்குப் பொறுமை ஏது? 'நீ வந்து புடி மங்கா, உன் தம்பி புடிச்சா மட்டும் தான் நான் பொழைப்பனா'ன்னு சிரிச்சாரு.

— நீயா?

— நான் தான் நின்னேன். மச்சான் நிக்கிற எடத்துல.

— பொம்பள கயிறு புடிச்சான்னு தெரிஞ்சா ஊரு உன்ன வுடாதுன்னு, மாமா தன் மேல போட்டுக்கினாரா?

— அதான்டா மாப்ள! அதே தான். ஊருக்குப் பயந்து. நான் வந்து நிக்க வேண்டிய எடம், வரல. அதனால நான் போட்டுக்கினேன். தெரிஞ்சுதில்ல? இப்ப சுத்தப் போட்டு என்ன இழு.

— ஊருக்குப் பயந்தா, ஊருகிட்ட பொய் சொன்னாப் போதும் மாமா. என்கிட்ட ஏன் சொன்னீங்க? நான் கயித்த அவுத்தேன். அப்பக் கூட சொல்லல. செத்தாலும் எனக்குத் தெரியக் கூடாதுன்னு அப்படி இன்னா இருக்கு? அம்மா. உனக்குக் கை வழுக்குச்சா?

— மொதல்ல சுத்து போடு.

— போட்டுட்டேன்.

— இழுத்துப் புடி. உன் பின்னால நானும் புடிச்சிக்கிறேன். கோபாலு, பாறையில காலக் குடுத்து நில்லு.

— நின்னுட்டேன். அக்கா, வேணாம். எந்தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்க. படிக்கப் போற புள்ள. என்னக் கொலகாரன்னு நெனச்சுனே போகட்டும். எனக்குப் பழகிடுச்சு.

— எனக்குப் பழகலடா. ஒரு நாளும் பழகல. பெத்தவ நான் கீறப்ப, எம்புள்ள பாதிக் கதைய வெச்சுக்கினு ஒரு உசுர எடுக்க நின்னான் பாரு. இதுக்கு மேல எதக் காப்பாத்தறது?

— சொல்லும்மா. வழுக்குச்சா?

— இல்ல.

— பின்ன?

— கயித்த வுடாமக் கேளு. உனக்கு அப்ப அஞ்சு வயசு. அத்தை வூட்ல தூங்க வெச்சுட்டுத் தான் வந்தேன்...

— அக்கா!

— நீ முழிச்சுக்கினு எம்பின்னாலயே வந்துட்ட. நான் பாக்கல. 'அப்பா எங்க, அப்பா எங்க'ன்னு ஓரத்துக்கு ஓடுன. தூறல்ல நனைஞ்ச பாறை, காலு சறுக்கிடுச்சு. கயித்தப் பாத்தேன். உன்னப் பாத்தேன்.

— அம்மா...

— உன்ன அள்ள எனக்கு ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சு, சாமி.