அழிச்ச ஆறு எடம்

இல்லம்மா, நீங்க எங்கிட்ட சொல்லல. மூணு வாரத்துக்கு முன்னாடி இந்த வார்டு வாசல்ல நின்னு உங்க பொண்ணைப் பத்தி உங்க தங்கச்சிகிட்ட போன்ல சொல்லிட்டிருந்தீங்க. வாயில ஒண்ணுமே இருக்காதுடி, ஆனா மென்னுக்கிட்டே இருக்கா, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறான்னு. நான் லிஃப்டுக்கு நின்னுட்டிருந்தேன், காதுல விழுந்துச்சு.

டாக்டர் இல்லம்மா நான். வலிப்பு நோய்ல ஆராய்ச்சி பண்றவ. உங்க பொண்ணு தலையில வயர் ஒட்டினது நான்தான். அக்கா, என்னை எத்தன பர்சென்ட் சார்ஜ் போடப் போறீங்கன்னு கேட்டா. சிரிச்சுக்கிட்டே அடுத்த வயரை ஒட்டினேன். வாயைத் திறக்க மாட்டேன்னு லேப்ல எனக்குப் பேரே மியூட் பட்டன்.

உக்காருங்க, உங்க டோக்கனுக்கு இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. இப்ப விட்டா இன்னிக்கும் சொல்லாமயே போயிடுவேன்.

அந்த வயர் வழியா மூளையில ஓடுறதெல்லாம் கம்ப்யூட்டர்ல கோடு கோடா வரும். மூணு நாள் கோட்டையும் டாக்டரால பாக்க முடியுமா? நான் முதல்ல சுத்தம் பண்ணிக் குடுப்பேன். இருமினா, சாப்பிட்டா, தாடை அசைஞ்சா கோடெல்லாம் கிறுக்கலாயிடும். அதை அழிச்சிடுவோம். உங்க பொண்ணோடதுல ஆறு எடத்துல மெல்லுற கிறுக்கல். பிஸ்கட் தின்னிருப்பான்னு அழிச்சேன். மிச்சத்துல ஒரு குறையும் இல்ல. அதை வெச்சுத்தான் இது வலிப்பு இல்ல, மனசு சம்பந்தப்பட்டதுன்னு சொல்லி மாத்திரையை நிறுத்தினாங்க.

ஆமாம்மா. அவ நடிக்கல.

கைகால் இழுத்தாத்தான் வலிப்புன்னு இல்ல. சில பேர் வெறிச்சுப் பாத்துக்கிட்டு சும்மா மெல்லுவாங்க. இதைப் பரீட்சையில பக்கம் பக்கமா எழுதினவ நான். உங்க பேச்சைக் கேட்டப்புறம்தான் அந்த மூணு நாளும் கேமராவுல பதிவானதை எடுத்துப் பாத்தேன். ஆறு எடத்துலயும் கை காலி, தட்டு இல்ல. ஒரு எடத்துல நீங்க பக்கத்துல உக்காந்து, ஏய், மெல்லாதேன்னு அவ தொடையில தட்டுறீங்க. ஐயோ, உங்களைக் குத்தம் சொல்லலம்மா.

என்னிக்கா? நீங்க போன்ல பேசின அன்னிக்கு சாயங்காலமே பாத்துட்டேன்.

ஏன் அப்பவே சொல்லலன்னு கேளுங்க, கேக்கத்தான் வேணும். மறுநாள் என் ஆராய்ச்சியை ஒப்படைக்கணும். அஞ்சு வருஷ உழைப்பு. யாருக்கு வலிப்பு, யாருக்கு இல்லன்னு பிரிக்கிறதுதான் ஆராய்ச்சியே. இவளை இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் மாத்தினா, நான் சுத்தம் பண்ணின மத்தவங்களோடதையும் முதல்லேர்ந்து பாக்கணும். ஒப்படைச்சிட்டுச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். ஒப்படைச்சேன். அப்புறம் நாளைக்கு, நாளைக்குன்னே போச்சு. முந்தாநாள் அவ படியில உருண்டு விழுந்தா. நெத்தியில ரத்தத்தோட தூக்கிட்டு வந்தீங்க.

அழாதீங்கம்மா. திட்டணும்னா திட்டுங்க.

உங்களைத்தான் கூப்பிடுறாங்க. போங்க, டாக்டருக்கு நீங்க ஒண்ணும் விளக்க வேணாம். ஒப்படைச்ச ஆராய்ச்சியைக் காலையில திரும்ப வாங்கிட்டேன். அந்த ஆறு எடத்தையும் வீடியோவோட அவர் கையில குடுத்து, எனக்கு என்னிக்குத் தெரியும்னு தேதி போட்டு எழுதி, கையெழுத்தும் போட்டுட்டுத்தான் உங்களைத் தேடி வந்தேன்.