மதிலுக்கு வெளியே செல்லம்மாள்

ஓடுகிறோம். அபாயச் சங்கு ஊதுகிறது. செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால். சலவைக் கொட்டகையிலிருந்து பதுங்கறை நாற்பது தப்படி. எனக்கு முழங்கால் வலி. செல்லம்மாள் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

"நிக்காதக்கா! வா!"

நான் வேப்பந்தட்டைக்காரி. அவள் தா.பழூர். வளைகுடாவில், பாலைவனத்தில், அமெரிக்கப் படை முகாமின் துணிகளை வெளுத்தோம். நாலு வருடம். முகாமைச் சுற்றி உயரமான மதில். எங்கள் கொட்டகை மதிலுக்கு வெளியே. பதுங்கறையும் வெளியேதான். சிமெண்டுப் பெட்டி. கதவு கிடையாது, வாசல் மட்டும்.

எங்கே சண்டை என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. துணி சொல்லும். சட்டைப் பையை உதறினால் மண் கொட்டும். ஒரு மாதம் செம்மண். ஒரு மாதம் அரியலூர்ச் சுண்ணாம்பு போல வெள்ளை. ஒருமுறை எங்கள் பருத்திக்காட்டுக் கரிசல் போலவே இருந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். எத்தனை ஊரில்தான் இவர்களுக்கு வேலை. எல்லா மண்ணும் ஒரே சாக்கடையில் போனது. அலசியது என் கை. மறைக்க மாட்டேன்.

முந்தின வாரமும் சங்கு ஊதியது. அன்று எதுவும் விழவில்லை. பதுங்கறை வாசலில் செல்லம்மாள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"குண்டு வுழுவுறப்ப என்னாடி மரியாத?"

"உள்ள நாலு பேரு உக்காந்திருக்காங்கல்லக்கா. செருப்போடயா போறது? எங்கம்மா பாத்தா வெளக்கமாத்தால அடிக்கும்."

சிரித்தோம். அதற்குள் நானும் கழற்றியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை என்னை முதலில் உள்ளே தள்ளினாள். திரும்பிப் பார்க்கிறேன். குனிகிறாள். இடது செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டாள். வலது செருப்பின் வாரை இழுக்கிறாள்.

"அத வுட்டுட்டு வாடி!"

முதலில் வெளிச்சம். பிறகு சத்தம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தால் பாத்திரம் அதிரும். இது நெஞ்சுக்குள் வெடித்தது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து, குழாய் உடைந்து தண்ணீர் ஓடும் சத்தம்.

சாயங்காலம் டிவியில் சொன்னார்கள். முகாமில் உயிர்ச்சேதம் இல்லை. எங்கள் கொட்டகை மேஸ்திரிதான் எனக்குத் தமிழில் சொன்னார்.

"செல்லம்மா செத்துட்டாளேய்யா."

"அது மதிலுக்கு உள்ள இருந்தவங்க கணக்குங்கம்மா."

பொய் இல்லை. உள்ளே யாரும் சாகவில்லை.

பத்தொன்பதாம் நாள் அவளை வைத்த பெட்டி தா.பழூர் வந்தது. கூடவே நானும். காகிதத்தில் 'வேலையிடத்தில் விபத்து' என்று இருந்தது. அவள் மகள் அதைப் படித்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"கரண்டு அடிச்சிருச்சா பெரியம்மா?"

அன்று அவள் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டேன். அவளுக்காகத்தான், இந்த எழுபது வயதில், எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். கரண்டு இல்லை, கண்ணு. அந்தப் படைக்காரர்கள்மேல் எறிந்த குண்டு உன் அம்மாமேல் விழுந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை போனவை. கொட்டகை ஒன்று. சலவை மிஷின் நான்கு. தேய்த்து அடுக்கிய சட்டை இருநூற்றுப் பத்து. மறுவாரமே புதுச் சட்டைகள் வந்துவிட்டன. என் வலது காது. இடது செருப்பு போகவில்லை. வைத்த இடத்திலேயே இருந்தது. அது என்னிடம் இருக்கிறது.

ஆள், ஒன்று. செல்லம்மாள், வயது நாற்பத்தொன்று, தா.பழூர்.