வாசலில் நின்ற மாமியார்

கோத்தகிரி பஸ்ஸில், கட்டபெட்டு தாண்டியதும், முன் சீட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவரின் பேச்சு காதில் விழுந்தது.

“மாமியா எங்கூட தங்க வந்தாங்கக்கா. வாசல்லயே நிறுத்திப்போட்டேன்.”

“அய்யோ, ஏன்டி?”

“அவங்க இருக்கற லயத்து வீடுங்கள்ல நாய்ங்களுக்கு பார்வோ நோய். ரத்தமா பேதியாகிச் சாகுது. அது செருப்புல ஒட்டிட்டு வந்துரும். போன நாயை அப்படித்தான் பறிகொடுத்தேன். இப்ப வளக்கற நாய்க்குட்டிக்கு ஊசியெல்லாம் முடியற வரைக்கும் யாரையும் சும்மா உள்ள விடமாட்டேன்.”

“மஞ்சத்தண்ணி தெளிச்சா பத்தாதா?”

“பத்தாதுக்கா. பிளீச்சிங் பவுடர் கரைச்ச வாளியில செருப்பை முக்குன பொறவுதான் உள்ள விட்டேன்.”

“கோவிச்சுக்கலையா?”

“மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க. அப்புறம் குட்டி அவங்க மடியில ஏறிப் படுத்துக்கிச்சு. நேத்து எங்க வீட்டுல ஒழுகற கூரையைப் பாக்க எஸ்டேட் தொரை வந்தாரு. மாமியா வாசல்ல குறுக்க நின்னு வாளியக் காட்டிட்டாங்க.”

“தொரை முக்குனாரா?”

“ரெண்டு பூட்ஸும்.”