கைராசி என்று சொல்லாதீர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய பெரியவர்களே, எங்கள் அக்காவிடம் சிகிச்சை பெற்ற அன்பர்களே, வணக்கம்.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு அழத்தான் வந்தேன். எனக்கு முன் பேசிய நான்கு பேரும் சேர்ந்து அந்த அழுகையை எரிச்சலாக்கிவிட்டார்கள். "கைராசிக்காரர்", "தொட்டாலே நோய் பறக்கும்", "அவர் மசாஜுக்கு ஈடு உண்டா?" ஐயா, பதினான்கு வருடம் அந்தப் பிசியோதெரபி அறையில் அவருக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவள் நான். எங்கள் துறைத் தலைவி, 'இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு' என்று விடாமல் பயிற்சி வாங்கியதால் நீங்கள் 'இன்னும் ஒண்ணு அம்மா' என்று பட்டப்பெயர் வைத்த எங்கள் அக்கா, நோயாளி நடக்கத் தொடங்கியதுமே தன் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வார்! ஏன் தெரியுமா? "நான் தாங்கினா எனக்குத்தான் பலம் வரும். அவருக்கு எப்படிம்மா வரும்?" என்பார்.

இதுவா மசாஜ்? மூட்டு அறுவை முடிந்த மறுநாளே உங்களைத் திட்டித் திட்டிக் கட்டிலைவிட்டு இறக்கியது யார்? ஒரு வயதாகியும் தலை நிற்காத குழந்தையைப் பந்தின்மேல் குப்புறப் போட்டு, எதிரே தரையில் தவழ்ந்து கிலுகிலுப்பை ஆட்டியது யார்? நெஞ்சுச் சளியால் திணறிய பெரியவர் ஒருவருக்கு இருமக் கற்றுக்கொடுத்தாரே! "இருமறதுக்கெல்லாம் ஒரு வாத்தியாரா?" என்று அவர் மகன் சிரித்தார். நான்காம் நாள், இனி ஆக்சிஜன் தேவையில்லை என்று குழாயை எடுத்தபோது அந்தச் சிரிப்பைக் காணோம்.

சரி, என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். அக்கா போய்ப் பதினோரு நாள். அதற்குள் ஏழு பேர் சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள்! போன் செய்தால், "அந்த அம்மா கையே போயிடுச்சு, இனிமே வந்து என்ன பிரயோஜனம்?" என்கிறார்கள்.

மூன்றாவது வரிசையில் டெய்லர் அண்ணன் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பக்கவாதம் வந்து மூன்று மாதம். அக்கா இறப்பதற்கு முந்தின நாள், யாரும் பிடிக்காமல் முதல்முறையாக நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளிலிருந்து அண்ணன் வரவே இல்லை. வீட்டில் மனைவி ஊட்டுகிறார், மகள் சட்டை மாட்டுகிறாள், மருமகன் தூக்கி உட்காரவைக்கிறார். கேட்டால், "பாவம் மேடம், மனசு ஒடஞ்சு கெடக்காரு." மனசு உடைந்தால் காலும் சேர்ந்து முடங்க வேண்டுமா? இந்த முதல் சில மாதங்கள்தான் உடம்பு வேகமாகத் திரும்பக் கற்கும் காலம். அதில் பதினோரு நாளைப் பாசத்திலேயே கரைத்துவிட்டீர்களே! இப்படியே விட்டால் கத்தரிக்கோல் பிடித்த கை மடங்கியே இறுகிப்போகும் அம்மா.

எனக்கு மட்டும் வலிக்கவில்லையா? அந்த அறைக் கதவைத் திறந்தாலே அக்காவின் காலி மேசைதான் கண்ணில் படுகிறது. ஆனாலும் தினமும் திறக்கிறேன். அக்காவின் குறிப்பு நோட்டு என்னிடம் இருக்கிறது. நாளை ஒன்பது மணிக்கு, அவரவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறோம். வராதவர்களின் வீட்டு வாசலில் வந்து நிற்பேன். இது அக்காவுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்போது எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து மௌனமாக நிற்போம்.

மருமகப் பிள்ளை, கையை எடுங்கள். அம்மா, நீங்களும்தான். யாரும் அவரைத் தூக்க வேண்டாம். அண்ணே, பாதத்தைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். முன்னால் சாயுங்கள். அவசரமே இல்லை. நீங்கள் நின்ற பிறகுதான் மௌனம் ஆரம்பம். அதுவரை, தலைமை மருத்துவர் உட்பட, இந்த மண்டபமே காத்திருக்கும்.