உருண்டைக்கு உள்ளே

ஒரு சின்னக் கதை சொல்லட்டுமா? பேட்டரிக் கதை. பயப்படாதீங்க... சூத்திரம் எல்லாம் வராது.

பேட்டரிக்குள்ள ஒரு கறுப்புத் தூள் இருக்கு. மின்சாரத்தைத் தேக்கி வைக்கிறது அதுதான். அதை எப்படிச் செய்யறாங்க? பொருளைக் கரைச்சு, சூடான காத்துக்குள்ள பனி மாதிரி தெளிப்பாங்க. ஒவ்வொரு துளியும் கீழ விழறதுக்குள்ள காஞ்சு, குட்டி உருண்டையாயிடும். ஒரு மூச்சு விடற நேரம்... கரைசல் தூளாயிடுது! என்ன அழகு பாருங்க.

கோயம்புத்தூர்ல ஒரு சின்னக் கம்பெனி. தூள் செய்யறது பர்வீன்னு ஒரு பொண்ணு. முதலாளி தங்கவேலு. பேட்டரி செய்யற பெரிய கம்பெனியிலிருந்து ஒரு மேடம் சாம்பிள் பார்க்க வர்றாங்க. ஆர்டர் கிடைச்சா கம்பெனி ஓடும். இல்லேன்னா பூட்டு.

சீக்கிரம் காயட்டும்னு பர்வீன் சூட்டை ஏத்திட்டாங்க. மைக்ரோஸ்கோப்ல பார்த்த தங்கவேலு குதிக்கிறார். "அடடா! முத்து முத்தா இருக்குதே அம்மணி!"

பர்வீன் சிரிக்கலை. ஒரு சிட்டிகை எடுத்து, ரெண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவுல வச்சு அழுத்தினாங்க. மறுபடி பார்த்தாங்க.

வெறும் ஓடு... உள்ளே ஒண்ணுமே இல்லை.

"உன்னை யாரு உடைக்கச் சொன்னது?"

"பேட்டரி செய்யும்போது அவங்க தூளை உருளையில வச்சு நசுக்குவாங்க சார். அப்ப உடையும். சூடு ஏத்தினது நான்தான். மேல் தோல் முதல்ல காஞ்சிருச்சு. தண்ணி போனதும் உள்ள காலி."

"வர்றவங்க வெளியேதானே பார்ப்பாங்க? வாயைத் திறக்காத. கும்பிட்டுக் கேக்கறேன் அம்மணி."

மேடம் வந்தாங்க. பார்த்தாங்க. "பிரமாதம்"னாங்க. தங்கவேலு முகத்துல பல்லைத் தவிர வேற ஒண்ணும் தெரியலை.

"மேடம்... இதை வாங்காதீங்க."

பர்வீன்தான். உடைச்சும் காட்டினாங்க.

அந்த மேடம் உடைஞ்ச ஓட்டை மைக்ரோஸ்கோப்ல பார்த்தாங்க. அப்புறம் கேட்டாங்க. "நல்ல தூள் வர எவ்வளவு நாளாகும்?"

"தெரியலை மேடம். சூட்டைக் குறைச்சு, கரைசலைக் கெட்டியாக்கிப் பார்க்கணும்."

"தெரியலைன்னு சொல்றீங்களே... அதுக்காகவே காத்திருக்கேன். வேற யார்கிட்டயும் போக மாட்டேன்."

தங்கவேலு அப்பத்தான் நாற்காலியைத் தேடினார்.

நண்பர்களே, நாளைக்குப் பட்டம் வாங்கப் போறீங்க. சூடு தப்பில்லை. சூடு இல்லாம ஒரு துளிகூடத் தூளாகாது. ஆனா தோல் காஞ்சதைப் பார்த்து, உள்ளேயும் நிறைஞ்சிருச்சுன்னு நம்பிடாதீங்க. உலகம் நம்மை அழுத்தத்தான் போகுது... அதுக்கு முன்னாடி, எல்லாரும் பாராட்டிக்கிட்டு இருக்கும்போதே, தன் வேலையைத் தானே அழுத்திப் பார்க்கிற தைரியம் அந்தப் பொண்ணுக்கு இருந்தது.

நமக்கு?